தாத்தா சொன்ன நட்சத்திரம்

கடந்த ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈசூனில் தாத்தா வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் தம்பி, கோள்கள் எப்படி உண்டாயின என்று ஒரு சுவரொட்டி தயாரிக்க வேண்டும், யாராவது உதவுங்கள் என்றான். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும் நான் வாயைத் திறப்பதற்குள் தாத்தா முந்திக்கொண்டார்.

"முன்னாடி சூரியன் மட்டும் தனியா இருந்துச்சு. வேற ஒரு நட்சத்திரம் அது பக்கமா வந்துச்சு. நிலா கடலை இழுக்குதுல்ல, அந்த மாதிரி சூரியனை இழுத்துச்சு. சூரியன்லேருந்து சுருட்டு மாதிரி நீளமா ஒரு துண்டு வெளிய வந்து, உடைஞ்சு, கோளா ஆயிடுச்சு. வந்த நட்சத்திரம் அது பாட்டுக்குப் போயிடுச்சு."

1950களில் செம்பவாங் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் அவருடைய ஆசிரியர் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினாராம். எழுபது ஆண்டுகளாகியும் தாத்தா அதை மறக்கவில்லை.

"அது தப்பு தாத்தா," என்றேன். கொஞ்சம் சிரித்தும்விட்டேன். அம்மா என்னை முறைத்தார். நான் நிறுத்தவில்லை. வாயுவும் தூசும் கலந்த பெரிய மேகம் ஒன்று தன் ஈர்ப்பாலேயே சுருங்கியது, சுருங்கச் சுருங்க வேகமாகச் சுழன்று தோசைபோல் தட்டையானது, நடுவில் சூரியனும் சுற்றிலும் கோள்களும் உண்டாயின என்று விளக்கினேன். கணினி மேசை நாற்காலியில் தம்பியை உட்காரவைத்து, இரண்டு கைகளிலும் தண்ணீர் போத்தல்களைக் கொடுத்து, கையை விரிக்கச் சொல்லிச் சுற்றிவிட்டேன். போத்தல்களை மார்போடு இழுத்ததும் நாற்காலி விர்ரென்று வேகமெடுத்தது. தம்பிக்கு ஒரே கொண்டாட்டம்.

தாத்தா நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகள் லேத் இயந்திரத்தில் நின்றவர். சுற்றுகிற பொருளைப் பற்றி அவருக்குத் தெரியும்.

"உள்ள இழுத்தா வேகம் கூடுதுங்கிற. அப்ப எல்லாம் போய் விழுந்த நடுவுலதானே வேகம் ரொம்பக் கூடணும்? சூரியன் அவ்வளவு வேகமாவா சுத்துது?"

இல்லை. சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற அதன் நடுப்பகுதிக்கு ஏறக்குறைய 25 நாள் ஆகிறது. அது எனக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது. "எப்படியும் உங்க நட்சத்திரக் கதை தப்புதான்," என்று முடித்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் படுக்கப் போய்விட்டார்.

பேருந்தில் வீடு திரும்பும்போது அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே வந்தது. மறுநாள் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். அடுத்த மூன்று வாரங்களில் நான் தெரிந்துகொண்டது, எனக்குக் கொஞ்சம் வெட்கத்தையே தந்தது. அறிவியல் உலகத்தையே நூறு ஆண்டுகளுக்கும் மேல் திணறவைத்த கேள்வியைத்தான் தாத்தா சாப்பாட்டு மேசையில் கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அவர் சொன்ன நட்சத்திரமே பிறந்தது.

மேகக் கதைதான் மூத்தது. 1755இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவெல் கான்ட் அதை ஒரு நூலில் எழுதினார். அப்போது அவருக்கு முப்பது வயதுதான், அதிகம் அறியப்படாதவர், நூலில் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. பதிப்பாளர் நொடித்துப்போனதால் நூல் பலர் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1796இல், பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் தாமாகவே ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார். சுழலும் வெப்பமான வாயு மண்டலம் குளிர்ந்து சுருங்கும்போது வளையம் வளையமாகப் பொருளை விட்டுச்செல்கிறது, ஒவ்வொரு வளையமும் ஒரு கோளாகத் திரள்கிறது என்றார் அவர்.

இந்த எண்ணத்தில் ஓர் அழகு இருந்தது. எல்லாக் கோள்களும் சூரியனை ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே தளத்தில் சுற்றுகின்றன. தற்செயலாக அப்படி அமையாது. சுழலும் ஒரே தட்டிலிருந்து எல்லாம் வந்திருந்தால் அதில் வியப்பே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பெரும்பாலோர் நம்பியதும் இதைத்தான்.

பிறகுதான் கணக்குப் போட்டார்கள்.

சுழலும் பொருள் ஒவ்வொன்றிடமும் ஒரு கையிருப்பு உண்டு. அதை இயற்பியலில் கோண உந்தம் என்பார்கள். (உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஆங்கிலத்திலேயே படித்த சொல், தமிழில் என்னவென்று இந்த முறைதான் தேடிப் பார்த்தேன்.) பொருளின் நிறை, அது நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது ஆகிய மூன்றையும் சேர்த்தது அது. வெளியிலிருந்து யாரும் தலையிடாதவரை அந்தக் கையிருப்பு கூடாது, குறையாது. அதனால்தான் போத்தலை உள்ளே இழுத்ததும் தம்பியின் வேகம் கூடியது. தூரம் குறைந்ததை வேகம் ஈடுகட்டியாக வேண்டும்.

இப்போது சூரிய மண்டலத்தைப் பாருங்கள். மொத்த நிறையில் 99.8 விழுக்காட்டுக்கும் மேல் சூரியனிடம் இருக்கிறது. ஆனால் கோண உந்தத்தில் சுமார் 98 விழுக்காட்டுக்கும் மேல் கோள்களிடம் இருக்கிறது. வியாழனிடம் மட்டும் ஏறக்குறைய 60 விழுக்காடு. வீட்டில் உள்ள பணமெல்லாம் அப்பாவின் கணக்கில் இருக்க, செலவையெல்லாம் பிள்ளைகளே செய்வதுபோல் ஒரு நிலைமை! மேகம் சுருங்கித்தான் சூரியன் உருவானது என்றால், அது சில மணி நேரத்துக்கு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். 25 நாள் எடுத்துக்கொண்டு ஆடி அசைந்து சுற்றக்கூடாது.

இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கச் சுருக்கமான வழி, வெளியாளைக் கொண்டுவருவது. சுழற்சி மேகத்திலிருந்து வரவில்லை, கடந்துபோன ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது என்று சொல்லிவிடலாம். 1749இலேயே பிரான்ஸைச் சேர்ந்த பஃபோன், ஒரு வால்நட்சத்திரம் சூரியன்மீது மோதியதில் தெறித்தவைதான் கோள்கள் என்று எழுதியிருந்தார். 1905இல் சிகாகோவில் நிலவியல் அறிஞர் சேம்பர்லினும் வானியலாளர் மோல்டனும் வால்நட்சத்திரத்துக்குப் பதிலாக ஒரு நட்சத்திரத்தைக் கொண்டுவந்தார்கள். 1917இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜீன்ஸ் அதைச் செப்பனிட்டார். ஹெரால்ட் ஜெஃப்ரிஸும் சேர்ந்துகொண்டார். அருகில் வந்த நட்சத்திரத்தின் ஈர்ப்பு சூரியனில் பெரும் அலையை எழுப்பி, சுருட்டு வடிவில் ஒரு வாயுத் துண்டை இழுத்தெடுத்தது என்றார்கள். சுருட்டின் நடு தடிமனாக இருக்கும், முனைகள் மெலிந்திருக்கும். அதனால்தான் வியாழனும் சனியும் நடுவில், சிறிய கோள்கள் ஓரங்களில்.

தாத்தா சொன்ன அதே சுருட்டு. நூலகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை.

ஜீன்ஸ் வெறும் ஆய்வாளர் மட்டுமல்லர். பொதுமக்களுக்கும் எழுதியவர். 1930இல் வெளிவந்து நன்றாக விற்பனையான அவருடைய நூலின் முதல் அத்தியாயத்திலேயே இந்த நட்சத்திரத்தின் வருகை இடம்பெறுகிறது. அங்கிருந்து பாடநூல்களுக்கும் வகுப்பறைகளுக்கும் அது போயிருக்க வேண்டும். தாத்தாவின் ஆசிரியர் கற்பனையாக எதையும் சொல்லவில்லை. தமக்குக் கிடைத்த அறிவியலைத் தமிழில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கோட்பாட்டுக்கு ஒரு பின்விளைவு இருந்தது. விண்வெளியில் நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. சூரியனை ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருக்கினால், மிக அருகிலுள்ள அடுத்த பழம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும். இரண்டு பழங்கள் உரசிக்கொள்ளும் அளவுக்கு நெருங்குவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அப்படியானால் கோள்களும் கிட்டத்தட்ட எங்கும் இருக்காது. மேகம் சரியென்றால், நட்சத்திரம் பிறக்கும்போதெல்லாம் கோள்களும் கூடவே பிறக்கும், உலகங்கள் எண்ணற்றவை. விருந்தாளி நட்சத்திரம் சரியென்றால், நாம் ஒரு விபத்து; அநேகமாகத் தனியாக இருக்கிறோம். ஒரு தலைமுறை இந்த இரண்டாவது பதிலோடுதான் வளர்ந்தது.

விபத்துக் கோட்பாடு விழுந்ததும் கணக்கால்தான். 1935இல் அமெரிக்காவின் ஹென்றி நோரிஸ் ரசல், அப்படி இழுக்கப்பட்ட பொருள் கோள்கள் இருக்கும் தூரத்துக்குப் போக அதற்குப் போதுமான கோண உந்தம் கிடைக்காது என்று காட்டினார். எந்தச் சிக்கலைத் தீர்க்க அந்த நட்சத்திரத்தை வரவழைத்தார்களோ அதே சிக்கலில் அது மாட்டிக்கொண்டது. 1939இல் இருபத்தைந்தே வயதான லைமன் ஸ்பிட்ஸர் கடைசி அடியைக் கொடுத்தார். சூரியனின் உள்ளிருந்து வரும் வாயு கடும் வெப்பமானது. வெளியே வந்தால் திரண்டு கோளாகாது, சிதறிக் கலைந்துவிடும். அதாவது சுருட்டு புகையாகிப் போய்விடும்.

ஸ்பிட்ஸர் இதை எழுதி ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் செம்பவாங்கில் ஒரு கரும்பலகையில் அந்தச் சுருட்டு வரையப்பட்டிருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டுகளில் ஆசிரியரிடம் அதற்குப் பதிலாகச் சொல்ல உறுதியான வேறு கதை எதுவும் இல்லை. பழைய மேகமும் உடைந்திருந்தது, புதிய நட்சத்திரமும் உடைந்திருந்தது.

மேகம் திரும்பி வந்தது மெதுவாகத்தான். மாஸ்கோவில் விக்டர் சஃப்ரனோவ் பல ஆண்டுகள் கணக்குப் போட்டு, தட்டில் உள்ள தூசு எப்படி ஒட்டி, பாறையாகி, பாறைகள் ஒன்றையொன்று இழுத்துக் கோளாகும் என்பதற்கு முதல் முழுமையான கணிதத்தைக் கொடுத்தார். 1969இல் ரஷ்ய மொழியில் வெளிவந்த அவருடைய நூல் 1972இல் ஆங்கிலத்துக்கு வந்த பிறகுதான் மேற்கில் பரவலாகப் படிக்கப்பட்டது. தண்ணீர் பனிக்கட்டியாக உறையும் தூரத்துக்கு அப்பால் திரள்வதற்குப் பொருள் அதிகம், அதனால்தான் பெரிய கோள்கள் வெளியே உருவாயின என்ற விளக்கமும் சேர்ந்தபோது, வியாழன் நடுவில் இருப்பதற்குச் சுருட்டு தேவைப்படவில்லை.

தாத்தாவின் கேள்விக்கு விடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. சூரியனிடமிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் எப்போதும் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. 1958இல் யூஜீன் பார்க்கர் இதைக் கணித்துச் சொன்னார். சூரியக் காற்று என்று அதற்குப் பெயர். சூரியனின் காந்தப்புலம் அந்தத் துகள்களை நீண்ட தூரத்துக்குப் பிடித்துக்கொண்டு தன்னோடு சேர்த்துச் சுழற்றப் பார்க்கிறது. சுற்றும் தம்பி, மார்போடு அணைத்த போத்தலிலிருந்து நீண்ட குழாய் வழியாகத் தண்ணீரைத் தூரத்தில் கொட்டிக்கொண்டே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். போகும் நீர் கொஞ்சம்தான், ஆனால் தூரத்திலிருந்து போவதால் சுழற்சியை நிறையவே எடுத்துக்கொண்டு போகும். சூரியன் பிறந்தபோது வேகமாகத்தான் சுற்றியது. பல நூறு மில்லியன் ஆண்டுகளில் இந்தக் காந்த பிரேக் அதை மெதுவாக்கிவிட்டது.

இதை வானத்திலேயே சரிபார்க்கலாம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை நம் பாட்டிமாருக்கும் தெரியும். அதன் வயது நூறு மில்லியன் ஆண்டுகளைச் சற்றே தாண்டியதுதான். நட்சத்திரக் கணக்கில் குழந்தை. அங்குள்ள சூரியன் போன்ற நட்சத்திரங்கள் பல, நம் சூரியனைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழல்கின்றன. வயது கூடக்கூட வேகம் குறைகிறது என்பதை 1972இல் ஆண்ட்ரூ ஸ்குமானிச் அளந்து காட்டினார்.

பிறகு சான்றுகள் குவிந்தன. 1969 பிப்ரவரி 8ஆம் தேதி மெக்சிகோவில் அயெண்டே என்ற இடத்தருகே விழுந்த விண்கல்லில் இருந்த வெண்புள்ளிகளின் வயது 4.567 பில்லியன் ஆண்டு. அந்தத் தட்டில் முதலில் உறைந்த திடப்பொருளின் மிச்சம் அவை. 2014இல் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள ஆல்மா தொலைநோக்கி, சுமார் 450 ஒளியாண்டு தூரத்தில் எச்எல் டாவ்ரி என்ற இளம் நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள தட்டைப் படமெடுத்தது. பழைய இசைத்தட்டுபோல் வட்ட வட்டமாகக் கோடுகள். கான்ட் மனத்தில் கண்டதை நாம் கைப்பேசித் திரையில் பார்க்கிறோம்.

1995இல் வேறொரு சூரியனைச் சுற்றும் முதல் கோளை மிஷேல் மயோரும் டிடியே கெலோவும் கண்டுபிடித்தபோது, மேகக் கோட்பாட்டுக்காரர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும். முழுக்க மகிழ முடியவில்லை. ஏறக்குறைய பாதி வியாழன் நிறையுள்ள அந்தக் கோள், தன் நட்சத்திரத்தை நான்கே நாளில் சுற்றிவந்தது. பெரிய கோள் அவ்வளவு நெருக்கத்தில் உருவாக முடியாது. எங்கோ தூரத்தில் பிறந்து உள்ளே நகர்ந்திருக்க வேண்டும் என்பதே பலரின் விளக்கம். நம் வியாழனும் சனியும்கூட இடம்பெயர்ந்தவைதான் என்று இப்போது பலர் கருதுகிறார்கள்.

தீராத சிக்கல்களும் உண்டு. எனக்குப் பிடித்தது இது. தட்டில் உள்ள வாயு, பாறைகளைவிடச் சற்று மெதுவாகச் சுற்றுகிறது. ஈஸ்ட் கோஸ்ட்டில் எதிர்காற்றில் சைக்கிள் ஓட்டுவதுபோல், பாறை எப்போதும் காற்றை எதிர்த்தே போக வேண்டும். ஒரு மீட்டர் அளவுள்ள பாறைக்கு இந்த எதிர்ப்பு மிக மோசமாக அமைகிறது: பூமி இருக்கும் தூரத்தில் இருந்தால், நூறு ஆண்டு அளவிலேயே வேகம் இழந்து சூரியனுக்குள் விழுந்துவிடும். அப்படியானால் ஒரு மீட்டரைத் தாண்டி எதுவும் வளர்ந்திருக்கவே கூடாதே! கூழாங்கற்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் திரண்டு, கூட்டமாகச் சேர்ந்து ஒரே தாவலில் பெரிதாகியிருக்கலாம் என்பது இப்போதைய விடை. 2019 புத்தாண்டு அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் கடந்துசென்ற ஆரோகாத் என்ற சிறு பொருள், இரண்டு மாவு உருண்டைகளை மெல்ல ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது. மோதி நொறுங்கிய தடம் இல்லை. இந்த விடைக்கு அது பலம் சேர்த்தது.

பள்ளி திறப்பதற்கு முந்திய சனிக்கிழமை மறுபடி ஈசூன் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கும்மா?" என்றார். மறந்துவிட்டதாக நடித்தாரோ என்னவோ. காந்த பிரேக்கைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தொடாமலே பிரேக் பிடிக்குதா?"

"ஆமா தாத்தா. கொஞ்சம் கொஞ்சமா."

"நல்ல பிரேக் அப்படித்தான் பிடிக்கும்," என்றார், லேத்தில் நின்ற குரலில்.

பிறகு அன்று சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஆசிரியர் படம் வரைந்து முடித்ததும், இப்படி இன்னொரு தடவை நடக்கவே நடக்காது, அதனால் வானத்தில் வேறு பூமி கிடையாது என்றாராம். அன்று இரவு கம்பத்து வீட்டு வாசலில் படுத்து மேலே பார்த்தபோது பத்து வயதுப் பையனுக்குப் பயமாக இருந்ததாம். அவ்வளவு நட்சத்திரத்துக்கும் யாருமே இல்லையே என்று.

2022 மார்ச்சிலேயே உறுதிசெய்யப்பட்ட வெளிக்கோள்களின் எண்ணிக்கை 5,000ஐத் தாண்டிவிட்டது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஐயாயிரமா," என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

அவருக்காகவே கடைசியில் ஒன்றை வைத்திருந்தேன். சூரியன் ஒரு நட்சத்திரக் கூட்டத்தில்தான் பிறந்திருக்க வேண்டும். அப்போது அக்கம்பக்கத்தார் அருகில் வருவது இப்போதுபோல் அரிதல்ல. நெப்டியூனுக்கு அப்பால் செட்னா போன்ற சில பொருள்கள் விசித்திரமான நீள்பாதைகளில் சுற்றுகின்றன. 2024இல் சூசன் ஃபால்ட்ஸ்னரின் குழு ஒரு விளக்கம் கொடுத்தது: சூரியனைவிடச் சற்று சிறிய நட்சத்திரம் ஒன்று, நெப்டியூனின் தூரத்தைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகமான தொலைவில் ஒருகாலத்தில் கடந்துபோய், அவற்றின் பாதையைக் கலைத்திருக்கலாம். இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஒரு கோள்தான் காரணம் என்பாரும் உண்டு, முடிவாகவில்லை. ஆனால் கோள்களைப் பெற்றெடுக்காவிட்டாலும், தாத்தாவின் நட்சத்திரம் ஓரமாக வந்துபோயிருக்க இடமிருக்கிறது.

"இனிமேயும் ஒண்ணு வரும் தாத்தா. கிளீஸ் 710னு பேரு. இப்ப அறுபது ஒளியாண்டு தூரத்துல இருக்கு. ஒரு ஒளியாண்டுக்கும் ரொம்பக் குறைவான தூரத்துல நம்மளைக் கடந்து போகும். கோளை ஒண்ணும் பண்ணாது. வால்நட்சத்திரங்களை மட்டும் கொஞ்சம் கலைச்சு விடும்."

"எப்ப?"

"பதிமூணு லட்சம் வருஷம் ஆகும்."

"சரி, வரட்டும்," என்று சொல்லிவிட்டு, தம்பியின் சுவரொட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அதில் மேகமும் தட்டும் சூரியனும் கோள்களும் இருந்தன. தாத்தா பென்சிலை வாங்கி, வலது பக்க மூலையில் சின்னதாக ஒரு நட்சத்திரம் போட்டார். தம்பி அதற்கு மஞ்சள் வண்ணம் தீட்டத் தொடங்கினான். அது ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும் என்று திருத்தினேன். இந்த முறை யாரும் என்னை முறைக்கவில்லை.